தோகையும் துக்கியீமும்

சாலமோனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு ‘துக்கியீம்’ என்பதையும் கொண்டுவந்ததாக எபிரேய விவிலியம் சொல்கிறது. தமிழ் விவிலியத்தில் அது மயில். அது தமிழின் ‘தோகை’யிலிருந்து வந்த சொல் என்று 1856இல் வெளியான தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் காட்டினார் கால்டுவெல். சினையாகுபெயராய்த் தோகை மயிலையே குறிப்பது தமிழ் இலக்கணம் படித்தவர்க்குப் பழகிய செய்திதான். அந்தக் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28இல் காலமானது கொடைக்கானலில். அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனியில், மயில் முருகனுக்கு வாகனம்.

கால்டுவெல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் ஹாயிம் ராபின் (1915–1996). ஜெர்மனியின் கீசன் நகரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் எபிரேயம் கற்பித்து, 1956இல் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். சாக்கடல் சுருள்களைப் பற்றி அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதினார். எபிரேயத்தில் கலந்த தமிழ்ச் சொற்களைப் பழைய கடல் வணிகத்துக்குச் சான்றாக நிறுத்தும் அவரது கட்டுரை, 1968 சென்னை உலகத் தமிழ் மாநாட்டுத் தொகுப்பில் இருக்கிறது. வேர்ச்சொல் ஆய்வில் ஓசை ஒத்துவருவது எளிது. சரக்கும் அது போன வழியும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். மயிலுக்கு அவை ஒத்துவருகின்றன.

அடுத்து அவர் கைவைத்தது விவிலியத்தின் காதற்பாட்டான உன்னத சங்கீதத்தில். பெண்ணே பெரிதும் பேசுவது, அவள் குரலில் ஓங்கி நிற்கும் ஏக்கம், உவமைகளில் நிறைந்த இயற்கை: இவற்றை வைத்து அதன் உறவைச் சங்க அகப்பாட்டில் தேடினார். தென்னாடு போய்வந்த ஒருவர் அம்மரபை அறிந்து வந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இங்கேதான் கட்டு தளர்கிறது. அந்தப் பாட்டு சாலமோன் பெயரில் வழங்குவது; அவர் காலம் கி.மு. 10ஆம் நூற்றாண்டு, கைக்குக் கிடைத்த சங்கப் பாட்டுகள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியவை. 1988இல் ஆபிரகாம் மரியசெல்வம் உன்னத சங்கீதத்தையும் சங்கக் காதற்பாட்டையும் விரிவாக ஒப்பிட்டு ரோமில் ஒரு நூலே வெளியிட்டார்.

கடன் கதை நிற்காவிட்டாலும் ராபினின் காது தேர்ந்த காது. எபிரேயப் பாட்டில் காதலன் மலைகள்மேல் மான்போலத் தாவி வருகிறான். இரவில் அவனைத் தேடித் தெருவில் இறங்கும் பெண்ணை நகர்க்காவலர் பிடித்து அடித்து, மேலாடையைப் பறிக்கிறார்கள். கொடைக்கானல் சரிவுகளில் 2006இலும் 2018இலும் நீலமாய்ப் பூத்த குறிஞ்சியின் பெயர்கொண்ட திணையிலும் தலைவன் நள்ளிரவில் மலைவழியேதான் வருவான். காவலர் அங்கேயும் உண்டு; ஊர் நாயும் நிலவும் கூட அவர்கள் பக்கம். இந்தத் தடைக்குத் தமிழ் ஒரு துறைப்பெயரே வைத்திருக்கிறது: இரவுக்குறி இடையீடு.