ரெயேம் முதல் காண்டாமிருகம் வரை: விவிலியத்தின் ஒற்றைக்கொம்பு விலங்கு

கற்பனை விலங்குகளை ஒப்பிடும் நாட்டார் வழக்காற்று ஆய்வுகள், ஒற்றைக்கொம்பு விலங்கைப் பல பண்பாடுகளில் தனித்தனியே தோன்றிய பொதுக் கற்பனையாகக் கொள்வதுண்டு. விவிலியத்தில் அவ்விலங்கு இடம்பெறுவதும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அச்சான்று பெயர்ப்பில் பிறந்ததாகும். எபிரேய மூலத்தில் அதற்கு இடமில்லை.

மூலத்திலுள்ள சொல் ரெயேம். இதன் இனமான அக்காதியச் சொல் ரீமு காட்டெருதைக் குறிக்கும். மேற்காசியாவில் வேட்டையாடப்பட்ட அப்பெருங்கொம்பு விலங்கினத்தின் கடைசி உயிர் 1627இல் போலந்தில் மடிந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்கப் பெயர்ப்பு, ரெயேம் வருமிடங்கள் பெரும்பாலானவற்றில் 'மோனோகெரோஸ்', அதாவது ஒற்றைக்கொம்பன் என்று எழுதியது. பாரசீக அரசவை மருத்துவர் க்தேசியாஸ் தாம் காணாத இந்தியாவின் ஒற்றைக்கொம்புக் காட்டுக்கழுதையை முன்னரே வருணித்திருந்தார். அரிஸ்டாட்டிலும் இந்தியக் கழுதையை ஒற்றைக்கொம்புடையதாகக் குறித்தார். எனவே கிரேக்கம் கற்றோர்க்கு அது கதையன்று, விலங்கியற் செய்தி.

இப்பெயர்ப்பை மூலப்பனுவலே மறுக்கிறது. உபாகமம் 33:17இல் யோசேப்பின் கொம்புகள் ரெயேமின் கொம்புகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. விலங்கு ஒருமை, கொம்புகள் பன்மை. அக்கொம்புகள் எப்பிராயீம், மனாசே என்னும் இரு குலங்கள் என அதே வசனம் விளக்குவதால், இரண்டு கொம்புகள் இன்றி உவமையே நிற்காது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு விலங்கைப் பன்மையாக்கி இடர்ப்பாட்டைக் கடந்தது. மூலத்தில் ஒருமையே உள்ளதென ஓரக்குறிப்பில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. நேர்மையான ஓரக்குறிப்பு, ஆயினும் விலங்கின் பெயரை அது ஐயுறவில்லை.

ஜெரோமின் இலத்தீன் பெயர்ப்பு சில இடங்களில் காண்டாமிருகம் என்றும் சில இடங்களில் ஒற்றைக்கொம்பன் என்றும் தடுமாறியது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ்ப் பெயர்ப்பு, காண்டாமிருகம் என்ற சொல்லைத் தேர்ந்தது. கற்பனை விலங்கை விடுத்து உலகில் வாழும் விலங்கொன்றை நாடியமை பாராட்டத்தக்கதே. எனினும் ஒற்றைக்கொம்பு என்னும் கிரேக்க முடிவின் நிழல் அதிலும் விழுந்துள்ளது. கொம்புகள் என்ற பன்மையைத் தமிழ் விடாது காத்தமையால், ஒரு கொம்புடைய இந்தியக் காண்டாமிருகத்தை அறிந்த வாசகருக்கு உபாகம உவமை முரணாகவே நிற்கும்.

இழப்பு மிகுந்த இடம் யோபு 39:9-12. ரெயேம் உன் தொழுவில் தங்குமோ, உழுசாலில் உனக்குப் பணியுமோ என்னும் பொருள்பட யோபுவை நோக்கி அங்கு வினாக்கள் எழுகின்றன. வீட்டெருதைப் போன்ற உடல், ஆயினும் நுகத்திற்கு அடங்காத விலங்கு: வினாக்களின் கூர்மை இவ்வொற்றுமையில்தான் உள்ளது. காண்டாமிருகத்தை ஏரில் பூட்ட எவரும் எண்ணார். ஆதலின் வினா வெறும் மிகையாகிறது. ஏரும் எருதும் அறிந்த தமிழ் உழவருக்கு எளிதில் எட்டியிருக்கக்கூடிய உவமை இங்ஙனம் அயலாயிற்று. காட்டெருது என்ற சொல்லே இவ்விடத்தில் பொருந்தும்.

சிந்துவெளி முத்திரை விலங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. பக்கவாட்டில் வரைந்ததால் ஒரு கொம்பு மட்டும் தோன்றுகிறது என்பர் சிலர். ஆனால் அதே முத்திரைகளில் திமில் எருது பக்கவாட்டிலும் இரு கொம்புகளுடன் காணப்படுகிறது; ஒற்றைக்கொம்புடைய சுடுமண் உருவங்களும் கிடைத்துள்ளன. அங்கு ஒற்றைக்கொம்பு சிந்துவெளிக் கலைஞரின் கருத்தாக இருக்கலாம். விவிலியத்திலோ அது பெயர்ப்பாளரின் கருத்து. ஆங்கிலம் இரண்டிற்கும் இட்ட 'யூனிகார்ன்' என்ற ஒரே பெயரை நம்பி இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்கும் ஆய்வு, விலங்குகளை விடுத்து அப்பெயரையே எண்ணிக்கொண்டிருக்கிறது.