தொழிற்றிறமும் ஞானமும்

கைத்தொழிலில் முதிர்ந்த திறமே வீடுபேற்றுக்கு வாயில் என்பதோர் கொள்கை இக்காலத்துப் பலரால் விரும்பப்படுகின்றது. வில்லெய்தல், வாட்பயிற்சி முதலியவற்றை ஞானநெறியாகக் கூறும் ஜப்பானிய ஜென் நூல்களும், யோகத்தைக் கருமகௌசலமாகக் கூறும் பகவற்கீதை இரண்டாம் அத்தியாயத்து 50-ஆம் சுலோகமும் இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். இக்கொள்கை முழுவதும் கொள்ளத்தக்கதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஜென் வில்வித்தையை மேனாட்டார்க்குப் பெரிதும் அறிவித்தவர் ஓய்கன் ஹெரிகல் என்னும் ஜெர்மானியர். இவர் 1924 முதல் 1929 வரை ஜப்பானிலே செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்து, ஆவா கென்ஜோ என்னும் ஆசானிடம் வில் பயின்றார். எய்வோனது முனைப்பு நீங்கியவிடத்து அம்பு தானே விடுபடும் என்பது 1948-இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். முனைப்பறுதலை வற்புறுத்தும் அளவில் அது பாராட்டற்குரியதே. ஆயினும் அவர் 1937-இல் நாட்ஸிக் கட்சியிற் சேர்ந்தார் என்பது வரலாறு. வில்லின்கண் ஒழிந்த முனைப்பு வாழ்க்கையின்கண்ணும் ஒழிந்ததென்று யாங்ஙனம் துணிவது? அவ்வாசான் கற்பித்தது ஜென் நெறிதானோ என்பதனையே ஐயுற்று, யமதா ஷோஜி என்னும் ஜப்பானிய அறிஞர் 2001-இல் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இக்குறையை ஜென் மரபின்மேல் ஏற்றுதல் முறையன்று. 1237-இல் தோகென் என்னும் ஜென் ஆசிரியர் மடத்து மடைத்தொழிலாளர்க்கென ஒரு நூல் செய்தார். அதிற் போற்றப்படுவது வெறுங் கைத்திறனன்று. எளிய கீரையையும் இகழாது பேணும் உள்ளமே. கீதைச் சுலோகத்துக்கு உரைகண்ட சங்கரரும், பிணிக்கும் இயல்பினவாகிய கருமங்கள் சமபுத்தியால் அவ்வியல்பு நீங்குதலையே கௌசலம் என்றார். ஆகவே, திறம் என்பது விரலின் பழக்கமன்று, உள்ளத்தின் செப்பம் என்பது இருதிறத்தார்க்கும் உடன்பாடாம்.

அச்செப்பத்தைச் சைவசித்தாந்தம் இருவினையொப்பு என்னும். முனைப்பற்று இறைபணி நிற்றலைச் சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம் விளக்கும். இவ்வுண்மைக்கு மதுரைத் திருவிளையாடல்களே தக்க சான்றாம். அங்கம் வெட்டின திருவிளையாடலில் வரும் சித்தன் வாள்வித்தையில் வல்லவன். எனினும் ஆசானுக்கு மாறாய் அவர் மனைவியையும் விரும்பினான். அவன் திறம் அவனைக் காத்ததில்லை. மண் சுமந்த திருவிளையாடலிலோ, கூலியாளாய் வந்த பெருமான் கரையடைக்குந் தொழிலைச் செவ்வனே செய்திலன். பாடியும் ஆடியும் உறங்கியும் பொழுது போக்கிப் பாண்டியனது பிரம்படி பட்டான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகத் தந்த வந்தியோ, மண் சுமக்க வலியற்ற மூதாட்டி. சிவலோகம் பெற்றவள் அவளே. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மதுரைப் புட்டுத்தோப்பிலே கொண்டாடப்பெறுவது இவ்வருமையே.

அற்றேல், தொழிலிற் சோர்தல் அமையுமோ எனின், அமையாது. நேச நாயனார் மனத்தைச் சிவன் திருவடிக்கும், வாக்கை ஐந்தெழுத்துக்கும், கையை நெசவுக்கும் ஆக்கி, அடியார்க்கு உடையுங் கீளுங் கோவணமும் நெய்தளித்தார். அன்புடையார் கைப்பணி பழுதுபடாது. ஆயினும் பணியின் செம்மை அன்பின் பயனேயன்றி அன்புக்குக் காரணமன்று. வில்லில் வல்ல கண்ணப்பர் காளத்தியில் ஆறே நாளிற் பேறுற்றதும் இலக்கைத் தைத்தமையாலன்று; அம்பினால் தம் கண்ணையே அகழ்ந்து அப்பினமையால்.

தொழிற்றிறமே ஞானமாயின், முதுமையாற் கைந்நடுங்கும் நெசவாளனும் பிணியாற் கண்ணொளி குன்றிய தச்சனும் அருளுக்குப் புறம்பாவர். மதுரையின் தென்பால் வில்லாபுரம் முதலிய இடங்களிற் கையுழைத்து வாழும் எளியோர்க்கு இது பெருங்கொடுமையன்றோ? கை தளர்ந்தவிடத்தும் தளராதது அன்பு. வந்திக்காக மண் சுமந்த பெருமான் அவள் கைவலியை நோக்கி வந்தானல்லன் என்பதை உணர்வார், தொழிலைச் செம்மையுறச் செய்வர். செய்தும் அதனைத் தமதென்று எண்ணார். அதுவே சிவப்பணி என்க.