வெட்டி ஒட்டும் பிரதி

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே உருவம். ஆக, பிரதி பண்ணியவர் வாசித்தே தீரவேண்டும். தப்பாகவும் வாசித்தார்கள். பாடபேதங்களில் பல அந்த வாசிப்புகளின் தடம்தான். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. அத்தடங்களை அடிக்குறிப்பில் தக்கவைத்தார். இன்று இணையப் பக்கத்திலிருந்து அதே பாட்டை அள்ளி வேர்டில் ஒட்டுகிறோம். அடிக்குறிப்பு பெரும்பாலும் கூட வருவதில்லை, வாசிப்பும் நிகழ்வதில்லை. திஸ்கி காலத்தில் எழுத்துருவை மாற்றாவிட்டால் லத்தீன் குப்பைதான் விழும். சரிசெய்கிற சாக்கில் நம்ம ஆட்கள் வரியையாவது பார்த்தார்கள் (அதுவும் எரிச்சலோடு). யூனிகோடு அந்தத் தடங்கலையும் துடைத்துவிட்டது. தட்டச்சியவரின் பிழையொன்று கட்டுரைக்குக் கட்டுரை அப்படியே தாவுகிறது. ஒப்பிட வேறு பாடம் கண்ணில் படாததால் அதுவே மூலமாகவும் ஆகிவிடுகிறது. ஆய்வேடுகளின் மேற்கோள்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.