பத்தடித் தூரம்

நம் விமர்சனத்தில் ஒரு வசவு வெகுநாளாகப் புழங்கிவருகிறது. ஒரு கதை பிடிக்கவில்லை, அதில் இருக்கிற விவரங்களை மறுக்கவும் முடியவில்லை என்றால், 'வெறும் போட்டோகிராஃபிக் யதார்த்தம்' என்று சொல்லிவிடுகிறோம். காமிரா எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, எதிரே இருப்பதை அப்படியே வாரிக்கொள்கிறது, கலைஞன்தான் தேர்ந்தெடுக்கிறான் என்பது இதன் அடியில் இருக்கும் எண்ணம். இந்த வசவை நானும் இரண்டொரு முறை எழுதியிருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றுகிறது. காமிராவுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. எந்தக் காமிராவைப் பற்றிப் பேசுகிறோம் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை என்பதுதான் விஷயம்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிலாளர் வீடுகளிலும் குமாஸ்தா வீடுகளிலும் எழுபதுகளில் காமிரா என்று ஒன்று இருந்தால் அது அநேகமாக ஆக்ஃபா க்ளிக் 3. ஜெர்மன் க்ளிக் வரிசையை ஒட்டி பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. 120 ஃபிலிம், ஒரு சுருளுக்கு 12 படம், ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர்ச் சதுரம். முதுகில் ஒரு சிவப்புத் துவாரம், அதில் அடுத்த எண் தெரிகிறவரை குமிழைத் திருக வேண்டும். வெயிலுக்கு ஒரு நிலை, மேகமூட்டத்துக்கு ஒரு நிலை. தூரத்தைச் சரிசெய்ய ஏற்பாடு கிடையாது. லென்ஸ் வைத்த இடத்தில் இருக்கும். போட்ட ஃபிலிமும் பல சமயம் உள்நாட்டுச் சரக்குதான். 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், சந்திரனின் பெயரை வைத்து 'இந்து' என்று விற்றது. அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது.

ஃபோகஸ் நிலையாக இருக்கிறது என்றால் எல்லாம் தெளிவாக விழும் என்று அர்த்தமில்லை. எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தைத்தான் கூர்மையாக வாங்கும். துவாரம் சிறியதாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவை கண்ணை உறுத்தாத அளவுக்கே மங்கும். லென்ஸை ஏறத்தாழ இருபதடிக்குப் பொருத்தி வைத்துவிட்டால், அதில் பாதியான பத்தடியிலிருந்து அடிவானம்வரை எல்லாம் ஒருமாதிரி தேறிவிடும். இது ஒரு சமரசம். முழுக்கத் தெளிவது அநேகமாக ஒன்றுமில்லை; முழுக்கக் கெட்டுப்போவதும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பத்தடிக்குள் வரக் கூடாது. இந்தக் காமிராவின் லென்ஸுக்குக் குவியத்தூரம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். பத்தடியில் நிற்கிறவரின் முகம் ஃபிலிமில் அரை சென்டிமீட்டர் உயரம் விழும். பெரிதாக்கிப் பிரிண்ட் போடக் காசில்லாதவர்கள் நெகடிவ் அளவிலேயே பிரிண்ட் வாங்கினார்கள். ஆக, பிரியப்பட்டவர்களின் முகம் ஒரு துவரம்பருப்பு. மீதிச் சதுரம் முழுக்க ஊர்.

அப்பா 1976ல் எடுத்த சுருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பொங்கலில் தொடங்கி ஆவணியில் முடிகிறது. பன்னிரண்டில் ஒன்பது தேறியது. அதில் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, திருக்கச்சி நம்பிகளின் ஊரான பூவிருந்தவல்லியில், வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால். கோபுரம் முழுசாக விழ வேண்டும் என்று அப்பா பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் எறும்பு வரிசை. இரண்டாவது, ஆவடியில் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸ் வாசலில். 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று பலகை உண்டு. அதனால் அப்பா அதற்கு முதுகைக் காட்டி நின்று எங்களையும் துணிக்கொடியையும் ஒரு புளியமரத்தையும் எடுத்திருக்கிறார். எதற்காக அத்தனை குடும்பங்கள் அங்கே வந்து குடியேறினவோ அது எங்கள் படத்தில் இல்லை. காமிரா தேர்ந்தெடுப்பதில்லை என்கிற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது. எந்தத் திசையில் திரும்ப அனுமதி என்பதைக் காமிராவுக்கு முன்பே யாரோ தீர்மானித்துவிட்டார்கள்.

மூன்றாவது, அம்பத்தூர் ஏரிக்கரையில் அம்மா தனியாக. மற்றவர்கள் யாரும் இல்லை என்பதாலோ என்னவோ அப்பா கிட்டத்தில் போயிருக்கிறார். ஐந்தடிகூட இராது. மற்ற படங்களில் துவரம்பருப்பாக இருந்த முகம் இதில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருக்கிறது. வந்து, மங்கிவிட்டது. அம்மாவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் சைக்கிளின் ஆரக்கால்களை எண்ணலாம். கரையில் முளைத்த ஆமணக்கு இலையின் நரம்பு தெரிகிறது. அம்மாவின் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். இது காமிராவின் பிழை இல்லை. அது தன் நிபந்தனையை மீறவில்லை, மீறியவர் அப்பா. பிரியத்தினால் மீறினார்.

அம்மா 1983ல் போனாள். மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. தனியாக இருப்பது இந்த ஒன்றுதான். கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். பெரிதாக்கியதும் முகம் இன்னும் கரைந்தது. டச்சிங் செய்கிறவர் தேர்ந்த கைக்காரர். மெல்லிய தூரிகையால் இமை வைத்தார், கருவிழி வைத்தார், விழிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளியும் வைத்தார். ஏரியையும் சைக்கிளையும் அழித்துச் சாம்பல் நிறப் பின்னணி கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அது இப்போதும் சுவரில் இருக்கிறது. அந்தப் பெண்மணி யாரென்று எனக்குத் தெரியாது.

ரோலான் பார்த் 1980ல் வெளியிட்ட புகைப்படம் பற்றிய நூல் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. செத்துப்போன தாயைத் தேடிப் பழைய படங்களைப் புரட்டுகிறார்; கடைசியில், ஐந்து வயதுச் சிறுமியாக அவள் நிற்கிற ஒரு படத்தில் கண்டுபிடிக்கிறார். மற்ற பல படங்களை அச்சிடுகிற அந்தப் புத்தகம் இந்த ஒன்றை மட்டும் அச்சிடுவதில்லை. நம்மில் பலர் அந்த மௌனத்தைக் கொண்டாடியிருக்கிறோம். ஆனால் மறைத்து வைக்க அவரிடம் படிக்கக்கூடிய ஒரு முகம் இருந்தது. அம்பத்தூர்ப் பெட்டிகளில் இருக்கிற படங்களுக்கு அந்த வசதி கிடையாது. அவற்றில் மறைப்பதற்கும் முகம் இல்லை. அவர் சிந்தனையை இங்கே அப்படியே இறக்கிவைத்துவிட முடியாது என்று எனக்குப் படுகிறது.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். தாயைப் பற்றி, இழந்த ஊரைப் பற்றி, முதல் சாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளில் பாதிக்கு மேல் அந்த டச்சிங் படத்தின் ஜாதி. எழுதுகிறவன் பிரியத்தினால் தன் கருவி தாங்குகிற தூரத்தைத் தாண்டி நெருங்கிவிடுகிறான். நெருங்கியதும் மங்குகிறது. மங்கியதை மங்கல் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் தூரிகையை எடுத்து இமை வரைகிறான், விழியில் ஈரம் வைக்கிறான். பின்னணியில் தற்செயலாகத் தெளிந்துவிட்ட சைக்கிளையும் ஆமணக்கையும் கவனம் கலைக்கிறது என்று அழிக்கிறான். இதைத்தான் நாம் 'உள்முகத் தரிசனம்' என்று மெச்சினோம். இன்னொருபுறம், தள்ளி நின்று எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதியவனைப் 'போட்டோ' என்று திட்டினோம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973ல் புத்தகமாக வந்தது. அதில் ஜமுனாவின் துயரம், தெருவில் வெட்டிப்போட்ட பள்ளம், குழாயடிக் குடங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கூர்மையில் இருக்கின்றன. துயரத்தின் பக்கம் எழுத்து ஓடிப்போய் நிற்பதில்லை. உணர்ச்சி இல்லை என்கிற குறையை இந்த மாதிரி எழுத்து நிறையக் கேட்டிருக்கிறது. உணர்ச்சி இருக்கிறது, அது பத்தடியில் நிற்கிறது. ஜமுனாவின் முகம் சிறியதாக இருப்பதனால்தான் அவளை அப்படி ஆக்கிய தெருவுக்கு அந்த நாவலில் இடம் கிடைத்திருக்கிறது.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு, நியாயமானது. காமிரா தள்ளி நிற்பது அதற்கு வேறு வழியில்லாததால். அசோகமித்திரன் தள்ளி நிற்பது தேர்ந்து. ஒன்று இயலாமை, மற்றது விவேகம். இரண்டையும் ஒன்றாக்கலாமா? கூடாது. க்ளிக் 3க்கு நான் எந்தக் கலைத்தகுதியும் கோரவில்லை. பழைய காமிராவைத் தேடி வாங்கி, அதன் மங்கலையே அழகு என்று சொல்கிற இன்றைய ரசனையிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. நான் சொல்ல வருவது குறைவானது. எந்தக் கருவிக்கும், எந்த எழுத்துக்கும் அதற்குள் வந்தால் பொய்யாகிவிடுகிற ஒரு தூரம் உண்டு. க்ளிக் 3ல் அந்தத் தூரம் பட்டவர்த்தனமாக இருந்தது; மீறினால் படம் காட்டிக்கொடுத்தது. எழுத்தில் அது உடனே தெரிவதில்லை. அதைத் தெரியவைப்பது விமர்சனத்தின் வேலை. நாம் செய்யவில்லை.

இன்று கையிலிருக்கிற ஃபோன் முகத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கவைக்கவும் செய்கிறது. அந்த ஸ்டுடியோக்காரர் இரண்டு நாள் செய்த வேலையை அது விரல் தொட்டதும் செய்துவிடுகிறது. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019ல் தானே மாநகராட்சி ஆயிற்று. அங்கே எடுக்கப்படுகிற முகங்கள் அத்தனையும் தெளிவாக இருக்கின்றன. எங்கே நிற்கிறார்கள் என்று நாற்பது வருஷம் கழித்து ஒருவன் கேட்டால் பல படங்களிடம் பதில் இருக்காது.

போன மாசம் என் தங்கையின் மகள் அந்தச் சுருளின் பிரிண்ட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அவள் கண்டதில்லை; சுவரில் இருக்கிற படத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவள். பூவிருந்தவல்லிப் படத்தில், கோபுரத்தடியில், இடது காலில் பாரத்தைப் போட்டு இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு நிற்கிற எறும்பைக் காட்டி, "இது நீதானேம்மா?" என்று தங்கையிடம் கேட்டாள். தங்கைக்கு அப்போது ஆறு வயசு; அந்த வரிசையின் கடைசியில் வேறு எறும்பு. அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். கதவருகே ஒரு கணம் நின்றாள், அதே மாதிரி, இடது காலில் பாரத்தைப் போட்டு.