பொத்தானும் கைப்பிடியும்

நாவலுக்கு விமர்சனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு. அறிவியல் மையத்தில் பிள்ளைகள் தொட்டுத் திருகிப் பார்க்கும் கருவிக்கு மட்டும் கிடையாது. செய்தவர் பெயரும் அதன் பலகையில் இருக்காது. அப்படிப்பட்ட ஒருவரான சரோஜ் கோஷின் பணியை ஒரு படைப்பாளியின் பணியாகவே வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

பொறியாளரான கோஷ், 1959-இல் திறக்கப்பட்ட கல்கத்தா பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் வளர்ந்தவர். பின்னாளில் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் தலைமை இயக்குநர். 1997-இல் திறந்த கொல்கத்தா சயின்ஸ் சிட்டியைத்தான் எல்லோரும் அவர் சாதனையாகச் சொல்வார்கள். பிரம்மாண்டம் கூட்டம் சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய ஆகச்சிறந்த ஆக்கம் 1965-இல் மின்சாரத்தைப் பற்றிக் கிராமப் பள்ளிகளுக்குக் கிளம்பிய நடமாடும் கண்காட்சி என்பேன். வண்டியில் இடம் குறைவு, ரோடு மோசம். அதனால் ஒவ்வொரு பொருளும் சின்னதாக, குலுங்கினால் உடையாததாக, வாத்தியார் விளக்காமலே புரிவதாக இருந்தாக வேண்டும். அந்த நெருக்கடியே நல்ல வடிவத்தைக் கேட்டு வாங்கும்.

கைப்பிடி சுற்றி விளக்கெரிக்கும் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போடாதவரை கைப்பிடி லேசாகச் சுற்றும். ஒரு பல்பைப் போட்டதும் கனக்கும். மூன்று போட்டால் தோள் வலிக்கும். வெளிச்சம் சும்மா வராது என்பதைப் பிள்ளைக்கு அதன் கையே சொல்லிவிடுகிறது. பல மையங்களில் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்தினால் அணையின் வரைபடத்தில் விளக்கு ஓடும். பிள்ளை அழுத்திவிட்டு அடுத்ததுக்கு ஓடிவிடும். அது பொத்தான் வைத்த பாடநூல், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், நான் அம்பகரத்தூர்க்காரன். நிர்வாகப்படி நாங்கள் புதுச்சேரி. ஆனால் கோளரங்கம் இருக்கும் புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி. சுற்றுலா பஸ்ஸில் போகும் எங்க ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பொருளின் முன் சில நிமிஷம்தான் கிடைக்கும். பின்னால் வரிசை தள்ளும். அதற்குள் அவள் தானே எதையாவது மாற்றி, விளைவு மாறுவதைப் பார்த்தாளா? வடிவமைப்பாளருக்குப் பரீட்சை அங்கேதான்.

1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர், கருவிகள் செய்யும் பட்டறையைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே வைத்தார். கருவிகளின் செய்முறையைச் சமையல் குறிப்பு மாதிரி புத்தகமாகவும் போட்டார். பிள்ளைகள் தொட்டால் பொருள் தேயும், உடையும். பழுது பார்ப்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததே. 'பழுது' என்று அட்டை தொங்கும் கருவி, பாதிப் பக்கம் கிழிந்த நாவல்.

புதிய மையம் திறந்தால் எத்தனை கோடி செலவு என்று கேட்கிறோம். எத்தனை கைப்பிடி சுற்றுகிறது, கழன்றால் மாட்ட யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பழகலாம்.