ராமானுஜன் படமும் அதைக் காத்தவரும்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது ஒரே முகம்தான். மேல்நாட்டுக் கோட்டு, ஒட்ட வெட்டிய தலைமுடி, நேராகப் பார்க்கும் பெரிய கண்கள். பாடநூல்களிலும் பள்ளிச் சுவர்களிலும் நாம் காண்பது இந்த முகமே. ஆனால் இது ஒரு மேதையைச் சிறப்பிக்க எடுத்த படம் அன்று. பாஸ்போர்ட்டில் ஒட்டுவதற்காக எடுத்த சிறிய படம்.

இப்படத்தைப் பற்றி வழங்கும் கதைகளில் பெரும்பாலானவை அந்தக் கண்களைப் பற்றியவை. படம் எதற்காக எடுக்கப்பட்டது, யாரிடம் இருந்தது, எப்படி நம் கைக்கு வந்தது என்பவை அவற்றில் இடம்பெறுவதில்லை. இந்த விடுபடல் சிறிய குறை அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

படம் எடுக்கப்பட்ட காலம்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அங்குள்ள டவுன் உயர்நிலைப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் படித்தார். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். புறப்படும் முன் குடுமியை எடுத்துவிட்டு, மேல்நாட்டு உடைக்கு மாறினார்.

1917 முதல் நோய் அவரை விடவில்லை. மருத்துவமனைகளிலும் நோயாளர் இல்லங்களிலும் மாறி மாறி இருந்தார். காசநோய் என்று அப்போது கருதினார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்ற கருத்து 1994இல் முன்வைக்கப்பட்டது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானபோதும் அவர் நோயாளிதான்.

1919இல் தாயகம் திரும்பினார். நாம் அறிந்த படம் அந்தப் பயணத்திற்கான பாஸ்போர்ட்டில் இருந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் மறைந்தார். ஆகவே, நாம் இளமையின் ஒளியாகப் போற்றும் அந்த முகம், உடல் நலிந்து வீடு திரும்பிய ஒருவரின் முகம்.

படம் கிடைத்த விதம்

இதைப் பதிவு செய்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமானுஜனின் நல்ல படம் ஒன்றைத் தேடித் தருமாறு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவரிடம் கேட்டிருந்தார். 1936இல் இந்தியா வந்த சந்திரசேகர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைக் கண்டுபிடித்தார். அவரிடம் அந்தப் பழைய பாஸ்போர்ட் இருந்தது. 17 ஆண்டுகள் கழிந்தும், நகல் எடுக்கும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தது. ஹார்டி அதனை 1940இல் வெளிவந்த ராமானுஜன் பற்றிய தம் நூலில் சேர்த்தார். உலகம் முழுவதும் பரவியது அந்தப் படமே.

ஜானகி அம்மாள் பத்து வயதளவில் மணமானவர். இருபது வயதளவில் கணவரை இழந்தவர். பிறகு தையல் வேலை செய்து தம் காலில் நின்றவர். 1994 வரை வாழ்ந்தார். கணவர் மறைந்தபின் பயனற்றுப் போன ஓர் அரசுத் தாளை அவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் நமக்கு இந்த முகம் கிடைத்தது.

இதன் தொடர்ச்சியும் அறியத்தக்கது. கணவருக்குச் சிலை எழுப்பப்படவில்லை என்ற மனக்குறையை ஜானகி அம்மாள் ஒரு நேர்காணலில் சொன்னார். அதை அறிந்த அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி முயற்சி எடுத்தார். பல நாட்டுக் கணிதவியலாளர்கள் பொருள் உதவினர். சிற்பி பால் கிரான்லண்ட் 1983இல் வெண்கல மார்பளவுச் சிலை செய்தார். அதற்கு அடிப்படையாக இருந்ததும் அந்தப் பாஸ்போர்ட் படமே. சிலையின் ஒரு படி ஜானகி அம்மாளுக்கும் வழங்கப்பட்டது. அவர் கொடுத்த படம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வெண்கலமாக அவரிடமே வந்து சேர்ந்தது.

கண்கள் பற்றிய கதை

இந்தக் கண்களில் மேதைமை சுடர்விடுகிறது என்பது வழக்கமான விளக்கம். ஹார்டியே இந்த முகத்தில் நோயையும் மேதைமையையும் ஒருங்கே கண்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு; ஐந்தாண்டுகள் உடனிருந்து பழகியவர். அவர் கண்டது படத்தை மட்டும் அன்று, தம் நினைவையும்தான். நமக்கு அந்த நினைவு இல்லை. நாம் காண்பதாகச் சொல்லும் மேதைமை, படத்தின் கீழே உள்ள பெயரைப் படித்தபின் தோன்றுவது.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் சோதிக்கலாம். பெயரை மறைத்துவிட்டு, இவர் யாராக இருப்பார் என்று இந்தப் படத்தை முன்பு பார்த்திராத சிறு பிள்ளைகளைக் கேட்கலாம். பெயரைச் சொன்னபின் மீண்டும் கேட்கலாம். இரண்டு விடைகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால், கதை படத்திலிருந்து வருகிறதா, நம்மிடமிருந்து வருகிறதா என்பது விளங்கும்.

கண்களைப் பற்றிய கதையில் வேறொரு தீங்கும் உண்டு. மேதைமை பிறவியிலேயே முகத்தில் எழுதப்பட்டது என்ற எண்ணத்தை அது மாணவரிடம் விதைக்கிறது. ராமானுஜன் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர். வேலை தேடி அலைந்தவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்த உழைப்பு எந்த முகத்திலும் தெரியாது. அதைச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும்.

நம் வீட்டுச் சுவர்களில்

காவிரிப் பாசனப் பகுதியின் வீடுகளுக்கு இந்த வரலாறு அன்னியமானது அன்று. கூடத்தில் மாலையிட்டு மாட்டியிருக்கும் பல படங்கள் ரேஷன் கார்டுக்கோ, வாக்காளர் அட்டைக்கோ, சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போக பாஸ்போர்ட்டுக்கோ எடுத்தவை. ஆள் மறைந்தபின் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போடுகிறார்கள். நடவு வயலிலும் களத்து மேட்டிலும் காலம் கழித்த பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் அப்படி எடுத்ததாக இருக்கலாம். அவர் முகம் இறுக்கமாக இருந்தால், கண்டிப்பானவர் என்று பேரப்பிள்ளைகள் கதை சொல்வார்கள். உண்மையில் அசையாமல் இருக்கும்படி படக்காரர் சொல்லியிருப்பார்.

ஆகவே, ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது. எதற்காக எடுத்தார்கள்? அப்போது படத்தில் இருப்பவரின் நிலை என்ன? இத்தனை காலம் யார் வைத்திருந்தார்? நாம் சொல்லும் கதையில் படத்திலிருந்து வந்தது எவ்வளவு, பிற்பாடு சேர்ந்தது எவ்வளவு? விடை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வைக்கலாம்.

ராமானுஜன் படத்தைப் பொறுத்தவரை விடைகள் தெரிந்தே இருக்கின்றன. பாடநூலிலும் இணையத்திலும் அதன் கீழே பெயரும் பிறப்பு இறப்பு ஆண்டுகளும் மட்டும் போட்டால் போதாது. ‘பாஸ்போர்ட் படம், 1919. பாதுகாத்தவர் ஜானகி அம்மாள்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.