கடற்கரை ஊரில் அலமாரி ஸ்க்ரூ: எது தாங்கும்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில், அலமாரி செய்ய ‘ரெண்டு இஞ்ச் ஸ்க்ரூ’ என்று மட்டும் கேட்டால், கைக்கு வருவது கறுப்பு ஸ்க்ரூவாக இருக்க வாய்ப்பு அதிகம். விலை மலிவு, முனை கூர்மை, கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டினால் பிளைவுட்டுக்குள் சரசரவென்று இறங்கும். ஆனால் ஜிப்சம் பலகையை ஃபிரேமில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட சரக்கு அது. மரவேலைக்கு, அதிலும் இந்த ஊர் மரவேலைக்கு, அதை வாங்கவே கூடாது.

கறுப்பு ஸ்க்ரூவின் எஃகு மிகவும் கடினமாக்கப்பட்டது. கடினம் ஏற ஏற வளைந்துகொடுக்கும் குணம் போய்விடும். தேக்கிலோ அயினியிலோ துளை போடாமல் இறக்கினால், கடைசிச் சுற்றில் டக்கென்று தலை முறிந்து, தண்டு மரத்துக்குள்ளேயே தங்கிவிடலாம். அதை எடுக்கச் சுற்றியுள்ள மரத்தைக் குடைய வேண்டும். மேலே பூசிய பாஸ்பேட்டோ உலர்ந்த அறைக்கு மட்டும்தான் காவல். ஜூனில் இடவப்பாதி மழை, அக்டோபரில் துலாவர்ஷ மழை, இரண்டுக்கும் நடுவே சங்குமுகம் கடற்கரைப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று. இந்த ஈரத்தில் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியில் அந்தப் பூச்சு நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

துருப்பிடிப்பதற்கான பழியை மரத்தின் மேல் போடுவது நியாயமில்லை. ஓக் மரத்தின் அமிலம் இரும்பை அரிக்கும், தேக்கு அப்படியல்ல. 1860இல் நீரில் இறங்கிய எச்.எம்.எஸ். வாரியர் போர்க்கப்பலில், நாலரை அங்குல இரும்புக் கவசத்துக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கை வைத்துக் கட்டினார்கள். இரும்போடு ஒத்துப்போகும் மரம் என்று கப்பல் கட்டுவோரிடம் தேக்குக்கு நல்ல பெயர் இருந்தது. இங்கே துருவுக்குக் காரணம் காற்றும் ஈரமும்தான்.

அடுத்தது மஞ்சள் நிற சிப்போர்டு ஸ்க்ரூ. துத்தநாகப் பூச்சு கொண்டது. புரிகள் அகலமாக, ஆழமாக இருப்பதால் பிளைவுட்டை நன்றாகக் கவ்வும். படுக்கையறை அலமாரிக்குப் போதுமானது. ஆனால் வாங்கும் முன் ஒன்றைக் கையில் எடுத்துத் தலைக்குக் கீழே பார்க்க வேண்டும். சிலவற்றில் புரி தலைவரை ஏறியிருக்கும். சிலவற்றில் மேல்பகுதி வழவழப்பான கழுத்தாக விடப்பட்டிருக்கும். அலமாரிப் பெட்டி பூட்ட ஏற்றது கழுத்து உள்ளதுதான். முழுப்புரி ஸ்க்ரூ மேல்பலகை, கீழ்பலகை இரண்டையும் ஒரே நேரத்தில் கவ்விக்கொள்கிறது. நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் அது அப்படியே நிற்கும். கழுத்துள்ள ஸ்க்ரூ மேல்பலகைக்குள் சும்மா சுழன்று, கீழ்பலகையை மேலே இழுத்து ஒட்டவைக்கும். கிடைத்தது முழுப்புரிதான் என்றால், மேல்பலகையில் மட்டும் ஸ்க்ரூவின் தடிமனைவிடச் சற்றுப் பெரிய துளை போட்டால் அதே பலன் கிடைக்கும்.

நீளம் எவ்வளவு? 18 மி.மீ. பிளைவுட்டை இன்னொரு 18 மி.மீ. பலகையின் விளிம்பில் பூட்ட 50 மி.மீ. போதும். 18 போக மீதி 32 மி.மீ. அடுத்த பலகைக்குள் இறங்குகிறது. பெட்டியில் 8, 50 என்று போட்டிருந்தால் 8 என்பது தடிமனுக்கான எண், அதாவது ஏறத்தாழ 4.2 மி.மீ.; 50 நீளம். கூடுதல் பலம் வேண்டுமென்று 75 மி.மீ. ஸ்க்ரூவை விளிம்பில் இறக்குவது ஆபத்து. கொஞ்சம் சாய்ந்தாலும் முனை பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், பிளைவுட்டின் அடுக்குகள் விரியும்.

இந்த ஊர்ச் சமையலறைக்குச் சரியான தேர்வு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்: 304 தரம், 50 மி.மீ., கழுத்துள்ளது. வலியதுறை, கோவளம் போலக் கடலை ஒட்டிய வீடுகளுக்கு 316 இன்னும் மேல். அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தடுக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்துத் தரத்தை முடிவுசெய்யும் பழக்கத்தை முழுதாக நம்ப முடியாது. பலமாக ஒட்டினால் 410 தரமாக இருக்கலாம். அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் ஒட்டாதது எல்லாம் 304 ஆகிவிடாது. மலிவான 202 தரமும் பொதுவாக ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதே வழி.

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் ஒரு குறை உண்டு. கறுப்பு ஸ்க்ரூவைவிட அது மிருதுவானது. தேக்கில் வலுக்கட்டாயமாக முறுக்கினால் தலையின் பள்ளம் தேய்ந்துவிடும். பிளைவுட்டில் இரண்டரை, தேக்கிலும் அயினியிலும் மூன்று மி.மீ. பிட்டால் துளை போட்டு, புரியில் மெழுகு தடவி இறக்கினால் இந்தத் தொல்லை இராது. பிட்டையும் கவனிக்க வேண்டும். தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். பிலிப்ஸ் பிட் அதில் வழுக்கும்.

டெக்னோபார்க் வேலைக்காகக் கழக்கூட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் வீடு மாறும்போது அலமாரியைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். அவர்கள் வாங்குவது பார்ட்டிகிள் போர்டு என்றால், 7 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் கொண்ட கன்ஃபர்மட் ஸ்க்ரூ நல்லது. விளிம்பில் 5 மி.மீ. துளை போட்டுக் கையாலேயே ஆலன் கீயில் முறுக்கலாம். சாதாரண ஸ்க்ரூவைவிட இரண்டாம் முறையும் நன்றாகப் பிடிக்கும்.

75 மி.மீ. ஸ்க்ரூவுக்கு உரிய இடம் சுவர். தொங்கும் அலமாரியின் பின்பலகை 6 மி.மீ. என்றால் அது பாத்திரங்களின் எடையைத் தாங்காது. உள்ளே மேல்புறம் 18 மி.மீ. சட்டம் ஒன்று வேண்டும். 18 மி.மீ. சட்டம், 6 மி.மீ. பின்பலகை, 15 மி.மீ. சிமெண்ட் பூச்சு, மூன்றையும் கடந்த பிறகுதான் செங்கல். பூச்சு எதையும் பிடிக்காது. 75 மி.மீ. ஸ்க்ரூவில் மீதி 36 மி.மீ. செங்கல்லுக்குள் போகிறது. அங்கே 10 எண் தடிமனும் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கும் போட வேண்டும்; பிளக் பூச்சிலேயே நின்றுவிடாமல் செங்கல்வரை உள்ளே தள்ளப்பட வேண்டும்.